ஓடிப் பழகிய வயர்

எங்கள் வீட்டில் புது ஸ்பீக்கர் வந்து இறங்கிய அன்றே அதில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று சொன்னவள் என் அம்மா. நீட்டி முழக்கவில்லை. சோபாவில் உட்கார்ந்து ஒரு பாட்டை முழுக்கக் கேட்டாள். "பாடறவ செவுத்துக்கு அந்தப் பக்கம் நின்னு பாடற மாதிரி இருக்கே" என்றாள். குழம்பு கொதிக்கும் சத்தம் கேட்டு எழுந்து போய்விட்டாள்.

அப்போது கூடத்தில் இருந்தது இரண்டே பேர். ஒன்று நான், இன்னொன்று ஸ்பீக்கரை விற்றுப் பொருத்த வந்திருந்த கடைக்காரர். காது கேட்பதையே ஒரு தகுதியாகச் சொல்லிக்கொள்கிற இரண்டு பேர். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் சிரித்துக்கொண்டே அடுப்படிப் பக்கம் குரல் கொடுத்தார்.

"அம்மா, புது செட்டு இல்லியா, அப்படித்தான் இருக்கும். எரநூறு மணி நேரம் ஓடட்டும். தானா தொறந்துக்கும்."

"என்னது தொறந்துக்கும்?" என்று அம்மா கேட்டாள்.

"சவுண்டும்மா."

அம்மாவுக்கு அது புரியவில்லை. எனக்குப் புரிந்தது, அதனால்தான் இப்போதும் எரிகிறது. அந்த வார்த்தையை எத்தனை தடவை படித்திருக்கிறேன், எத்தனை பேர் வாயால் கேட்டிருக்கிறேன். ஆடியோ பைத்தியங்கள் இதற்கு பர்ன்-இன் என்பார்கள். புது ஸ்பீக்கர், புது ஆம்ப்ளிஃபையர், புது ஹெட்போன், எதை வாங்கினாலும் உடனே தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஓடவிட வேண்டும். ஓட ஓட அது முதிரும், விரியும், கனியும். மாம்பழத்தைப் பற்றிப் பேசுகிறார்களோ என்று வெளியாள் நினைத்துக்கொள்வார்.

எனக்கு மறைமலை நகரில் வேலை. கார்களுக்கு உதிரி பாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் சத்தத்தையும் அதிர்வையும் சோதிக்கிற லேப். காலையில் கேம்ப் ரோடு சந்திப்பில் கம்பெனி பஸ் ஏறினால், நாள் முழுக்க மைக்கும் கம்ப்யூட்டர் திரையுமாகப் போகும். எந்த பேரிங் முனகுகிறது, எந்த பல்சக்கரம் கத்துகிறது என்று கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். கல்லூரியில் படிக்கும்போதே ஸ்பீக்கர்மீது ஆசை. விடுதி அறையில் பழைய ஸ்பீக்கர்களைப் பிரித்து மேய்ந்த ஒரே பெண் நான்தான். வேலைக்கு வந்த பிறகு தாம்பரம் சுற்றுவட்டார ஆடியோ பிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தேன். அங்கேயும் பெண் நான் ஒருத்திதான். எல்லாருக்கும் நான் சிஸ்டர்.

கடை ராஜகீழ்ப்பாக்கத்தில், ஒரு பெயிண்ட் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. குழுவில் உள்ள எல்லாரும் அங்கேதான் வாங்குவார்கள். கடைக்காரர் நல்லவர், பேச்சில் தேன். காத்திருக்கிறவர்களுக்கு, பொருளை விற்பதற்கு முன்பே கடையிலேயே பர்ன்-இன் செய்து தருவது அவருடைய தனிச் சேவை; நான்தான் காத்திருக்காமல் புதிதாகவே எடுத்துக்கொண்டேன். அதை எப்படிச் செய்வார் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எல்லா வினையும் அதில்தான் இருக்கிறது.

இரண்டு ஸ்பீக்கரையும் எதிரெதிரே, மூக்கும் மூக்கும் உரசுகிற மாதிரி நிறுத்துவார். ஒன்றுக்கு வயரைச் சரியாகக் கொடுப்பார், மற்றதற்குப் பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றிக் கொடுப்பார். இப்போது ஒன்றின் கூம்பு முன்னால் வரும்போது மற்றதன் கூம்பு பின்னால் போகும். ஒன்று தள்ளுகிற காற்றை மற்றது இழுத்துக்கொள்ளும். அதனால் வெளியே வரும் சத்தத்தில் பெரும்பகுதி அங்கேயே அடங்கிவிடும். மேலே ஒரு கம்பளியைப் போட்டு மூடிவிட்டால் நாள் கணக்கில் ஓடினாலும் கீழே பெயிண்ட் கடையில் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். புத்திசாலித்தனமான ஏற்பாடு, அதை நான் குறை சொல்லவில்லை.

ஒவ்வொரு தடவையும் வயரைக் கழற்றி மாற்றுவது சள்ளை பிடித்த வேலை என்று, அதற்கென்றே ஒரு ஜோடி வயர் செய்து வைத்திருந்தார். அதில் ஒரு வயரின் ஒரு முனையில் மட்டும் சிவப்பு பிளக்கும் கறுப்பு பிளக்கும் இடம் மாறியிருக்கும். சிவப்பைச் சிவப்பில் செருகு, கறுப்பைக் கறுப்பில் செருகு, வேலை முடிந்தது. ஒரு ஸ்பீக்கர் தானாகவே தலைகீழாக ஓடும். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்று எனக்குத் தெரிந்தது, பெட்டியைக் கட்டி வண்டியில் ஏற்றும்போது அவர் பெருந்தன்மையோடு சொன்ன வார்த்தைதான்.

"மேடம், உங்களுக்காக ஒண்ணு பண்றேன். புது வயர் வேணாம். கடைல ரெண்டு வருஷமா ஓடிப் பழகின வயர் ஒண்ணு கீது, அதையே எடுத்துக்குங்க. யாருக்கும் குடுக்க மாட்டேன். நீங்க நம்ம குரூப்பு."

நான் நன்றி சொன்னேன். இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டேன்.

எங்கள் வீடு செம்பாக்கம் ஏரிக்குப் பின்னால் இருக்கிற தெருவில். கூடம் சின்னது. தாம்பரம் விமானப்படை நிலையத்தின் பயிற்சி விமானங்கள் தலைக்கு மேல் போகும்போது ஜன்னல் கம்பியே பாடும். கடைக்காரர் அளவு நாடாவை எடுத்து மூலைக்கு மூலை அளந்தார். இரண்டு ஸ்பீக்கருக்கும் சரியாக நடுவில், சோபாவை எங்கே போட வேண்டும் என்று தரையில் டேப் ஒட்டினார். "இதான் ராஜா சீட்டு. இங்க உக்காந்தாதான் பாடறவங்க உங்க முன்னாடி வந்து நிப்பாங்க" என்றார். அப்பா ஷிஃப்ட் முடிந்து வந்து தூங்குபவர். சத்தம் குறைவாக இருந்தால் சரி, அதற்கு மேல் அவருக்குக் கோரிக்கை இல்லை. ஆகவே ராஜா சீட்டு அம்மாவுக்குப் போனது.

அம்மா எங்கள் சபையின் பாடகர் குழுவில் ஆல்டோ பாடுபவள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே பாடுகிறாள். ஆல்டோ என்பது பெண்களின் தாழ்ந்த குரல், யாரும் கவனிக்காத குரல். ராகம் மேல் குரலான சொப்ரானோவிடம் இருக்கும், கம்பீரம் ஆண்களிடம் இருக்கும். நடுவில் ஒரு கோடு போல ஓடுவது ஆல்டோ. அது இருக்கும்போது தெரியாது, போனால் பாட்டு சாய்ந்துவிடும். அம்மா அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டால் பக்கத்தில் நிற்கிற நான்கு பேரும் அவளைப் பிடித்துக்கொள்வார்கள். எங்கே நுழைய வேண்டும், எங்கே மூச்சு வாங்க வேண்டும் என்பதெல்லாம் அவள் தோளைப் பார்த்துத்தான். பள்ளிக்கூட அலுவலகத்தில் நாள் முழுக்கத் தலை குனிந்து தட்டச்சு செய்கிற அம்மாவுக்கு நிமிர்ந்து நிற்க இருந்த ஒரே இடம் அது.

குழுவை நடத்துகிற சார் ஒவ்வொருவருடைய பகுதியையும் தானே பாடிப் பதிவு செய்து போனில் அனுப்புவார். ஈஸ்டர் பாட்டுப் பயிற்சி அப்போதுதான் ஆரம்பித்திருந்தது. நான் அவள் போனை ஆம்ப்ளிஃபையரோடு இணைத்து, "இனிமே குட்டி போன்ல கேக்காத, இதுல கேளு" என்று பெருமையாகச் சொன்னேன். அம்மா ராஜா சீட்டில் உட்கார்ந்து கேட்டாள். மறுபடி கேட்டாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"சார் குரல் எங்க இருக்குன்னே தெரியல. அடுப்படில நின்னா நல்லா வருது. இங்க வந்து உக்காந்தா காணாமப் போவுது."

இதைவிடத் துல்லியமாக ஒரு கோளாறை யாரும் விவரிக்க முடியாது. லேபில் யாராவது இப்படி ஓர் அறிக்கை கொடுத்திருந்தால் காரணத்தை ஒரே நிமிடத்தில் சொல்லியிருப்பேன். நான் அதை ஆடியோ குழுவில் போட்டேன். ஏன் போட்டேன் என்று இன்றுவரை தெரியவில்லை. ஒருவேளை நான்கு பேர் யோசிப்பார்கள் என்று நினைத்திருப்பேன். சிரிப்பு பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. ஒருவர், அடுப்படியில் இன்னொரு சோபா போடச் சொன்னார். இன்னொருவர், லேடீஸுக்கு எப்பவும் குக்கர் விசில் பக்கத்தில் இருந்தால்தான் பாட்டு இனிக்கும் என்றார். வயர் இணைப்பைச் சரி பார்க்கலாமா என்று நான் கேட்டதற்கு, சிவப்பு சிவப்பில் இருக்கிறதா, கறுப்பு கறுப்பில் இருக்கிறதா என்று கேட்டார்கள். இருந்தது. படம் எடுத்துப் போட்டேன். அப்புறம் என்ன சிஸ்டர், பொறுமைதான் மருந்து என்று முடித்துவைத்தார்கள்.

குழுவின் பெரிய தலை ஒருவர் உண்டு. பீர்க்கன்கரணையில் வீடு, மாடி முழுக்கச் சாதனங்கள். எல்லாருக்கும் அவர் அண்ணா. யார் எதை வாங்கினாலும் அவர் வந்து உட்கார்ந்து கேட்டுத் தலையாட்டினால்தான் அது வாங்கியதாகவே கணக்கு. ஒரு ஞாயிறு மத்தியானம் எங்கள் வீட்டுக்கும் வந்தார். ராஜா சீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடினார். பாட்டு ஓடியது. பாடுகிறவள் சுவருக்கு அந்தப் பக்கம்தான் நின்றாள், எனக்கே தெரிந்தது. ஆனால் அண்ணா கண்ணைத் திறந்து சொன்னது வேறு.

"என்னா விரிவு பாத்தியா பாப்பா. ஸ்பீக்கரத் தாண்டி வெளிய போவுது சவுண்டு. குரல் இன்னும் செட்டாகல. அது வந்துரும். பாதிக் கெணறு தாண்டிட்ட."

"பேஸும் இல்லியேண்ணா, அடிச்சத்தமே வரல" என்றேன்.

"அது கடைசியாத்தான் வரும். நீ கிராஃப் பாக்கற ஆளு, ஒனக்குப் பொறுமை இருக்காது. காதால பாக்கணும்."

அம்மா காபி கொண்டுவந்து வைத்தாள். "எனக்கென்னவோ தம்பி, போனக் காதுகிட்ட வெச்சாத்தான் சாரோட குரல் தெளிவா கேக்குது. இதுல கேக்கவே மாட்டேங்குது" என்றாள்.

அண்ணா டம்ளரைக் கீழே வைத்தார். அவர் கெட்டவரில்லை. ரொம்ப இதமாகத்தான் சொன்னார். அந்த இதத்தை நினைத்தால்தான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அம்பது தாண்டிட்டா எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சமா காது எறங்கும். நமக்கே தெரியாது. போனக் காதுகிட்ட வெச்சாத்தான் கேக்குதுன்றீங்க பாருங்க, அதான் மொதல் அறிகுறி. ஒரு தடவ டாக்டர்கிட்ட காட்டிடுங்க."

அம்மா "அப்படியா" என்றாள். காலி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அந்த வாரம் அவள் நல்லெண்ணெயைச் சூடு பண்ணிக் காதில் விட்டுக்கொண்டதைப் பார்த்தேன். கேட்டதற்கு, "சும்மா, அரிப்பா இருந்துச்சு" என்றாள்.

பர்ன்-இன் என்பதே முழுப் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. ஸ்பீக்கரின் கூம்பைத் தாங்குகிற ரப்பர் விளிம்பும் அதன் பின்னால் இருக்கிற துணி வளையமும் புதிதில் கொஞ்சம் விறைப்பாக இருக்கும். அசைய அசையத் தளரும். அதை அளக்கலாம். ஆனால் அது ஆரம்பத்திலேயே பெரும்பாலும் நடந்து முடிந்துவிடுகிற சின்னச் சமாச்சாரம். இல்லாத குரலைக் கொண்டுவந்து நிறுத்துகிற சமாச்சாரம் இல்லை. எங்கள் தொழிற்சாலையில் புது எஞ்சினை ஓட்டிப் பழக்குகிறோம். எது எதோடு உரசி எவ்வளவு தேய்கிறது என்று தெரிந்துதான் பழக்குகிறோம். ஒரு செம்பு வயரில் எது எதோடு உரசுகிறது? யாராவது சொல்லுங்கள். கடைக்காரரிடம் கேட்டால், எலக்ட்ரான் போய்ப் போய் வழி பழகிவிடும் என்கிறார். ஆடு மாடா அது, வழி பழக?

இன்னொன்றும் இருக்கிறது. ஓடி முடிந்ததும் எல்லாச் சாதனமும் நன்றாகத்தான் ஆகிறதாம். புதிதில் நன்றாக இருந்தது, ஓடியதும் கெட்டுப்போய்விட்டது என்று எந்தக் குழுவிலாவது யாராவது எழுதிப் பார்த்திருக்கிறீர்களா? இயற்கையில் எந்தப் பொருளுக்கும் இப்படி எப்போதும் நல்ல திசையில் மட்டும் மாற்றம் நடக்காது. மனிதக் காதுக்கு நடக்கும். தினமும் கேட்கிற சத்தம் எதுவானாலும் காது அதற்கு இசைந்து போய்விடும், ரயில் தண்டவாளத்தை ஒட்டிக் குடியிருப்பவர் தூங்குகிற மாதிரி. பழகுவது பெட்டி இல்லை, நாம். கடைக்காரருக்கு இதில் வசதியும் உண்டு. பொருளைத் திருப்பி எடுத்துக்கொள்கிற கெடு எப்போது முடிகிறதோ, அதற்குப் பிறகுதான் பர்ன்-இன் முடியும். எந்தச் சாதனத்தை வேண்டுமானாலும் பாருங்கள், இந்தப் பொருத்தம் தப்பாது.

எங்கள் வீட்டில் நடந்தது அதைவிட மோசம். அம்மாவின் காது அந்தப் பொய்க்குப் பழக மறுத்தது. அதற்குத்தான் அவளுக்குச் செவிட்டுப் பட்டம்.

எனக்கு லேபில் ஒரு புது கியர்பாக்ஸ் சோதனை ஓடிக்கொண்டிருந்ததால் வீட்டில் நடப்பது கண்ணில் படவில்லை. கேம்ப் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கிய ஒரு சாயங்காலம் மீன் வாங்க நின்றேன். பாடகர் குழுவில் அம்மாவுக்குப் பக்கத்தில் நிற்கிற அக்கா அங்கே வஞ்சிரத்துக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கேட்டாள்.

"அம்மாக்கு காது இப்போ பரவால்லியா?"

"காதுக்கு என்னக்கா?"

"இன்னாடி இது, வீட்ல கீற ஆளு என்னிய கேக்கற? காது சரியா கேக்கல, ஈஸ்டருக்கு வேற ஆளப் பாத்துக்கங்கன்னு சார்கிட்ட சொல்லிட்டாங்களே. போன வாரத்துலேர்ந்து வர்றதே இல்ல." அவள் மீன்காரரிடம் தலையை வெட்டித் தரச் சொல்லிவிட்டுத் திரும்பினாள். "அந்த எடத்துல ஒரு காலேஜ் பொண்ண நிக்க வெச்சிக்கிறாரு. நல்ல பொண்ணுதான். ஆனா அவ என்னியப் பாக்கறா, நான் அவளப் பாக்கறேன். ரெண்டு பேரும் சேந்து முழுகறோம்."

மீன் வாங்காமல் வீட்டுக்கு வந்தேன். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

அவளுக்கு எதைக் கேட்கிறேன் என்று தெரிந்துவிட்டது. மடிப்பதை நிறுத்தவில்லை. "சொன்னா நீ அந்தப் பொட்டியத் திருப்பிக் குடுத்துருவ. எவ்ளோ ஆசையா வாங்கின. பொட்டில தப்பு இல்லன்னு அந்தத் தம்பி சொன்னாருல்ல. எனக்குத்தான் வயசாவுது."

சாருடைய பதிவை எடுத்து ஓடவிட்டேன். ராஜா சீட்டில் போய் உட்கார்ந்தேன். அண்ணா சொன்ன விரிவு, முதிர்வு, கனிவு எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, அம்மா சொன்னதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு கேட்டேன். நடுவில் ஓட்டை. தலையை இடது பக்கம் சாய்த்தேன், குரல் கொஞ்சம் வந்தது. எழுந்து அடுப்படி வாசலில் நின்றேன், இன்னும் வந்தது. திரும்ப வந்து டேப்புக்கு நேராக நின்றேன், போய்விட்டது. போனில் பதிந்த ஒற்றைக் குரல். இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே சத்தம்தான் வர வேண்டும். இரண்டிலிருந்தும் வருகிற ஒரே சத்தம் சரியாக நடுவில் வந்து சேரும்போது அடிபட்டுப் போகிறது என்றால், ஒன்று முன்னால் தள்ளும்போது இன்னொன்று பின்னால் இழுக்கிறது. வேறு காரணமே கிடையாது. எங்கள் லேபில் இரண்டு மைக் வைத்தால் முதலில் சோதிப்பதே இதைத்தான். கடைக்காரர் அளவு நாடா வைத்து அளந்து கொடுத்த ராஜா சீட்டுதான் அந்த வீட்டிலேயே பாட்டு கேட்க ஆக மோசமான இடம்.

சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி அதிலிருந்த பேட்டரியை எடுத்தேன். ஆம்ப்ளிஃபையரிலிருந்து வயர்களைப் பிடுங்கினேன். அம்மாவைக் கூப்பிட்டு ஸ்பீக்கருக்கு முன்னால் உட்காரச் சொன்னேன்.

"இந்தக் கூம்பையே பாரு. முன்னாடி வருதா, பின்னாடி போவுதா, அத மட்டும் சொல்லு."

இடது வயரின் சிவப்பில் பேட்டரியின் பிளஸ்ஸையும் கறுப்பில் மைனஸையும் தொட்டேன். டொக்.

"முன்னாடி வந்துச்சு."

வலது வயரில் அதே மாதிரி தொட்டேன். டொக்.

அம்மா கொஞ்சம் குனிந்தாள். "இன்னொரு தடவ வையி." வைத்தேன். "இது உள்ள போவுதே" என்றாள்.

பிளக்கை மூடியிருந்த கறுப்பு உறையைக் கத்தியால் கீறினேன். உள்ளே பிளஸ் வயர் கறுப்பு பிளக்குக்கும் மைனஸ் வயர் சிவப்புக்கும் அழகாகப் பற்றவைக்கப்பட்டிருந்தது. கைதவறிச் செய்த வேலை இல்லை, வேண்டுமென்றே சுத்தமாகச் செய்த வேலை. அப்போதுதான் கம்பளியும் எதிரெதிர் ஸ்பீக்கரும் ஞாபகத்துக்கு வந்து எல்லாம் விளங்கியது. பர்ன்-இன்னுக்காகச் செய்த வயரை, பர்ன்-இன் ஆன வயர் என்று எனக்குப் பரிசாகக் கொடுத்திருக்கிறார்.

அந்த முனையை மாற்றிச் செருகிப் பாட்டை ஓடவிட்டேன். சார் கூடத்துக்கு நடுவில் வந்து நின்று அம்மாவின் பகுதியைப் பாடினார். குரலுக்கு உடம்பு இருந்தது. அம்மா கடைசிவரை அசையாமல் கேட்டாள்.

"உன் காது மொத நாளே சொல்லிடுச்சும்மா. நாங்கதான் கேக்கல."

அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். கையிலிருந்த துணியின் ஓரத்தை நீவிக்கொண்டே கேட்டாள். "அது சரி. அந்தத் தம்பி வந்துட்டுப் போன அடுத்த ஞாயிறு ஆராதனைல ரெண்டாவது அடில நான் லேட்டா எடுத்தேன். எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. அதுவும் வயராலயா?"

இல்லை, அது வயரால் இல்லை. தனக்குக் கேட்பது சரிதானா என்று ஒரு கணம் யோசித்திருக்கிறாள். அந்த ஒரு கணம்தான் தாமதம். அந்த யோசனையை யார் போட்டது?

சனிக்கிழமை காலை முதல் ஆளாகக் கடைக்குப் போனேன். அண்ணாவும் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தார். வயரை மேசைமேல் போட்டேன். கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து நெற்றியில் தட்டிக்கொண்டார்.

"அடக் கடவுளே, இது நம்ம பர்ன்-இன் வயராச்சே. அவசரத்துல மாறிப் போச்சு மேடம். அதான் ரெண்டு வாரமா இத தேடினுகிறேன்." அவர் சிரித்தார். அண்ணாவும் சிரித்தார். "வேற வயர் தர்றேன், விடுங்க."

"வயர் கெடக்கட்டும். எங்கம்மாவுக்குக் காது போயிடுச்சுன்னு சொன்னீங்களே அண்ணா."

"நான் எங்க அப்படிச் சொன்னேன்? டாக்டரப் பாருங்கன்னேன். பாக்கறது நல்லதுதானே பாப்பா."

"அவங்க கோயில் பாட்டு குரூப்ப விட்டு நின்னுட்டாங்க. போன் போட்டுத் தர்றேன். தப்பு வயர்ல, உங்க காதுல இல்லன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. நீங்க சொன்னதத்தான் அவங்க நம்பறாங்க."

அண்ணா டீ கிளாஸை உருட்டிக்கொண்டே யோசித்தார். "இத போயி பெருசு பண்றியே. இப்ப நல்லா கேக்குதுல்ல? வயர் மாறினது ஒரு காரணம்னா, இத்தன நாள் ஓடினது இன்னொரு காரணம். ரெண்டும் சேந்துதான் தொறந்துகிச்சு. மொத நாளே சரியா மாட்டியிருந்தாலும் இந்த சவுண்டு வந்திருக்காது."

நான் போனை நீட்டியபடியே நின்றேன். அவர் வாங்கவில்லை. தன் காது ஒன்றைத் தப்பாகக் கேட்டது என்று அவர் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்டது. அது அவரால் முடியவில்லை. கண்ணை மூடி விரிவைப் பாராட்டிய ராஜா காது அது, எப்படி முடியும்? என் அம்மாவின் காதைச் சந்தேகப்பட அவருக்கு அரை நிமிடம் போதுமாக இருந்தது. தன் காதைச் சந்தேகப்பட ஆயுசு போதாது.

வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் குழுவில் செய்தி வந்திருந்தது. செம்பாக்கம் சிஸ்டர் செட்டு பர்ன்-இன் முடிந்து குரல் வந்துவிட்டது, பொறுத்தார் பலன் பெற்றார் என்று. கட்டை விரல்கள் குவிந்தன. அறுத்த வயரின் படத்தைப் போட்டு நடந்ததை எழுதினேன். அதற்கு ஒரு கட்டை விரலும் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒருவர், டென்ஷன் வேண்டாம் சிஸ்டர், இசை மனதை அமைதிப்படுத்த வேண்டும் என்று எழுதினார். குழுவிலிருந்து வெளியேறினேன்.

அன்று சாயங்காலமே பயிற்சி இருந்தது. அம்மாவைக் கட்டாயப்படுத்தி ஸ்கூட்டரில் உட்காரவைத்து அழைத்துப் போனேன். சார் மறுபேச்சே பேசவில்லை; வாங்க, எடமா இல்ல என்று மட்டும் சொன்னார். காலேஜ் பெண் நகர்ந்து இடம் விட்டாள். மீன் கடையில் நான் பார்த்த அக்கா அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். நான் ஜன்னல் ஓரமாக வெளியே நின்றேன்.

ஆரம்பிப்பதற்கு முன்னால் அம்மா அந்த அக்காவிடம் குனிந்து மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது. "நான் சரியா எடுக்கறேனான்னு கொஞ்சம் பாத்துக்கோ."

"இன்னாக்கா நீங்க? உங்களப் பாத்துதானே நான் எடுக்கறேன்."

பாட்டு தொடங்கியது. ஆல்டோ நுழைய வேண்டிய இடம் வந்தது. அக்கா அம்மாவைப் பார்த்தாள், அம்மா அக்காவின் வாயைப் பார்த்தாள். அவள் உதடு பிரிந்த பிறகுதான் அம்மாவின் குரல் வந்தது. நூலிழைத் தாமதம். சாருக்குத் தெரியவில்லை, யாருக்கும் தெரியவில்லை. நான் ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பெட்டிக்குத் தேவையில்லாத, காத்திருக்கிற ஒரு பழக்கத்தை என் அம்மாவுக்குப் பழக்கிவிட்டிருக்கிறார்கள்.

திரும்பும்போது ஏரிக்கரை வளைவில் வண்டி மெதுவாகப் போனபோது பின்னாலிருந்து கேட்டாள்.

"வெளிய நல்லா கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"நான் லேட்டா எடுத்தேனா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். இதமாகப் பேசுகிறவர்கள் அவளுக்குச் செய்ததை நானும் செய்ய விரும்பவில்லை. "கொஞ்சம்" என்றேன்.

"மூணாவது அடியிலயும்."

"ஆமா. மூணாவது அடியிலயும்."

"எனக்கும் அப்படித்தான் கேட்டுச்சு" என்றாள். என் தோளில் கையை வைத்துக்கொண்டு, அந்த இடத்தை வாய்க்குள்ளேயே மறுபடி எடுத்துப் பார்த்தாள்.